திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் ஓட்டுரிமையும்

வடசென்னை ஓட்டேரி மயான பூமியில் நம் குலத்துப் பெரியார் ஒருவர் அடங்கியிருக்கின்றார். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரங்களில் வாழும் நம்மவருள் அவ்வழியே போவார் பலர். நின்று வணங்குவார் சிலரே. அவருடைய பெயரை அறிந்தவர்களும், பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் என்ற அளவில் அறிவரேயன்றி, ஓட்டுரிமையின் பொருட்டு அவர் பட்ட பாட்டை அறியார். அதனை எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

செங்கற்பட்டு ஜில்லாவில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் கிராமத்தில், ஏறக்குறைய 1860-ஆம் வருஷத்தில் சீனிவாசனார் ஜனித்தார். கோயம்புத்தூரில் கல்வி பயின்ற காலத்தில், தம் குலம் இன்னதென்று பிற மாணாக்கர் அறிந்துவிடுவரோ என்று அஞ்சி, அவர்களோடு கூடி விளையாடாமல் ஒதுங்கியே நின்றார். பின்னர் நீலகிரியில் ஐரோப்பியர் வர்த்தக ஸ்தாபனங்களில் கணக்கராயிருந்து, 1890-இல் சென்னை வந்து சேர்ந்தார். இளமையில் எந்தப் பெயருக்கு அஞ்சினாரோ, அந்தப் பெயரையே 1893-இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்குச் சூட்டினார். ‘பறையன்’ என்னும் அப்பத்திரிகை 1900 வரையில் நடைபெற்றது. மறைத்து வாழ்வோனுக்கு உரிமை கேட்க வாயில்லை என்பதை அவர் தம் அனுபவத்தால் உணர்ந்திருந்தார்.

1900-இல் தாய்நாட்டை விட்டுக் கப்பலேறிய அவர், கீழ் ஆப்பிரிக்கா வழியாகத் தென்னாப்பிரிக்கா சென்று, நெட்டாலில் நியாயஸ்தல மொழிபெயர்ப்பாளராக அலுவல் பார்த்தார். அந்நாடு நம்மவருக்குப் புதிதன்று. 1860-ஆம் வருஷம் அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16-இல் டர்பன் துறையை அடைந்தது. அக்காலத்தில் சென்னையில் துறைமுகம் கட்டப்படவில்லை. மசூலாப் படகுகளிலே அலைகளைக் கடந்துதான் ஜனங்கள் கப்பலேறினர். அவ்வாறு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றவர்களுள் நம் குலத்தாரும் இருந்தனர்.

அங்கே ஓட்டுரிமையின் கதி யாது? 1894-இல் நெட்டாலில் ஐரோப்பிய வோட்டர்கள் 9,309 பேர். இந்திய வோட்டர்களோ 251 பேரே. அந்தச் சொற்பத் தொகையையும் பொறாத வெள்ளையர் இந்தியரை விலக்க மசோதா கொண்டுவந்தனர். காந்தியடிகள் முன்னின்று, ஏறக்குறைய 10,000 பேர் கையொப்பத்துடன் லண்டனுக்கு விண்ணப்பம் அனுப்பவே, இன்ன ஜாதியாரென்று வெளிப்படையாய்க் கூறிய அச்சட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஆனால் 1896-இல் வேறொரு சட்டம் வந்தது. பார்லிமெண்டு முறையில் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுக்கும் ஸ்தாபனங்கள் இல்லாத நாடுகளிலிருந்து வந்த, ஐரோப்பியரல்லாதார்க்கு இனி ஓட்டில்லை என்பது அதன் சாரம். அதில் இந்தியர் என்ற சொல்லே இல்லை, விலக்குண்டவரோ இந்தியரே. சீனிவாசனார் சென்று வாழ்ந்தது இச்சட்டம் ஆட்சி செய்த நாட்டிலேயாம்.

ஏறக்குறைய இருபது வருஷங்களுக்குப் பின் திரும்பிய அவர் சென்னை ராஜதானியில் கண்டதென்ன? 1920-இல் நடந்த சட்டசபைத் தேர்தலில் நாலு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுள் ஓட்டுப் பெற்றவர் சுமார் 12½ இலட்சம் பேர். நிலமும், வரியும், வீட்டு மதிப்புமே பெரும்பாலும் தகுதிகளாயின. தீண்டாதார்க்கு ஓட்டில்லை என்று எந்த விதியும் கூறவில்லை. கூற வேண்டிய அவசியமுமில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கும், உப்பளத்தில் வெந்தவனுக்கும், சேரிக் குடிசையில் கிடந்தவனுக்கும் வரி ரசீது ஏது? நெட்டாலில் நாட்டின் பெயரால் சாத்தப்பட்ட கதவு, இங்கே சொத்தின் பெயரால் சாத்தப்பட்டது.

ஆகவே நம்மவர் சட்டசபை புகுந்தது பெரும்பாலும் சர்க்கார் நியமனத்தாலேயாம். சீனிவாசனாரும் 1923-இல் நியமன அங்கத்தினராகவே சென்றார். சென்றவர் சும்மா இருந்தாரில்லை. 1924-இல், பொதுப் பாதைகளும் பொதுக் கிணறுகளும் சகல வகுப்பாருக்கும் உரியன என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். எனினும் பிறர் தயவால் கிடைத்த ஆசனம் பிறர் தயவு உள்ளவரைக்கும்தான் என்பதை அவர் மறக்கவில்லை.

1930-இல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்கு டாக்டர் அம்பேத்கரும் அவரும் நம்மவர் பிரதிநிதிகளாய்ச் சென்றனர். இருவரும் சேர்ந்து சமர்ப்பித்த திட்டத்தில் ஒரு நிபந்தனை நாம் நெஞ்சிற் பதிக்கத்தக்கது. முதற் பத்து வருஷங்களுக்குத் தனித்தொகுதி. அதன்பின் ஒதுக்கிய ஸ்தானங்களுடன் கூட்டுத்தொகுதி. ஆனால் வயது வந்தோர் அனைவர்க்கும் ஓட்டு அளிக்காமல், நம்மவர் இசைவின்றிக் கூட்டுத்தொகுதியைச் சுமத்தலாகாது. ஓட்டில்லாதவனுக்கு ஸ்தானம் ஒதுக்கினால், அதில் அமர்பவனைத் தெரிந்தெடுப்பவன் அயலானே ஆவான் என்பது இதன் கருத்து.

நடந்ததோ வேறு. காந்தியடிகளின் உண்ணாவிரதத்தை ஒட்டி 1932 செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது, சீனிவாசனாரும் கையொப்பமிட்டார். மாகாண சட்டசபைகளில் 148 ஸ்தானங்கள், அவற்றுள் சென்னைக்கு 30, ஒதுக்கப்பட்டன. ஒவ்வொரு ஸ்தானத்துக்கும் நால்வரை நம்மவர் முதலில் பொறுக்க, அந்நால்வரில் ஒருவரை எல்லா வோட்டர்களும் சேர்ந்து தெரிந்தெடுப்பது ஏற்பாடு. கூட்டுத்தொகுதி உடனே வந்தது; வயது வந்தோர் ஓட்டு வரவில்லை. 1935-ஆம் வருஷச் சட்டமும் ஜனத்தொகையில் சுமார் ஏழில் ஒரு பங்கினருக்கே ஓட்டளித்தது. தாம் கேட்ட நிபந்தனை நிறைவேறக் காணாமலே, 1945 செப்டம்பர் 18-இல் அப்பெரியார் காலமானார்.

1950 ஜனவரி 26-இல் அமுலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 325-ஆவது விதி, மதம், இனம், ஜாதி, பால் காரணமாக மட்டும் எவரையும் வாக்காளர் பட்டியலினின்று விலக்கலாகாது என்றது. 326-ஆவது விதி வயது வந்தோர் யாவர்க்கும் ஓட்டளித்தது. அமெரிக்காவில் 1870-இலேயே நீக்ரோவர்க்கு ஏட்டளவில் ஓட்டுரிமை கிடைத்தும், தலைவரியாலும் எழுத்தறிவுப் பரீட்சையாலும் தென் மாகாணங்கள் அதைப் பறித்து வைத்திருந்தன. 1965-ஆம் வருஷச் சட்டமே அதை மீட்டது. தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தாரும் சமமாய் ஓட்டளித்தது 1994 ஏப்ரலிலேதான்.

அன்பர்களே! ஜாதியைச் சொல்லி ஓட்டைப் பறிப்பவன் பகிரங்க விரோதி. அவனை எதிர்த்தல் எளிது. ஜாதியைச் சொல்லாமல், வரியும் முகவரியும் கேட்டு வாயிலடைப்பதே எச்சரிக்கையோடு நோக்கத்தக்கது. குடிசை மாறியவர், வேலை தேடிக் குடிபெயர்ந்தவர் ஆகியோர் பெயரே பட்டியலில் முதலில் தவறுகின்றது. ஆதலின் ஒவ்வொரு குடும்பத்தாரும் பட்டியலைப் பார்வையிடுக. புதிதாய்ச் சேர 6-ஆம் படிவமும், முகவரி மாற 8-ஆம் படிவமும் காலத்தே கொடுத்திடுக. எழுத அறியாதார்க்கு நம் வாலிபர்கள் எழுதிக் கொடுப்பார்களாக. ஓட்டேரியில் உறங்கும் பெரியாருக்கு மாலையினும் உகந்த காணிக்கை அதுவேயாகும்.