ரேடாரின் தந்தை வாட்சன்-வாட்: முதல் சோதனைக்கு அலை கொடுத்தது பிபிசி!

உங்க போன் மேப்புக்கு வர்ற செயற்கைக்கோள் சிக்னல், வானத்தில் பறக்கும் விமானத்திலும் பட்டுச் சிதறும். அந்தச் சிதறலை வைத்தே விமானத்தைக் கண்டுபிடிக்கும் முறைதான் 'பேசிவ் ரேடார்'. இது புதுசு இல்லீங்க.

ராபர்ட் வாட்சன்-வாட், 1892-ல் ஸ்காட்லாந்தின் பிரெக்கினில் பிறந்தவர். வானிலைத் துறையில், மின்னல் எழுப்பும் ரேடியோ அலைகளை வைத்து இடிமழையின் திசையைக் கண்டறிந்தார்.

1935-ல் பிரிட்டிஷ் அரசு அவரிடம் கேட்டது, ரேடியோ அலையால் எதிரியைத் தாக்க முடியுமா என்று. உதவியாளர் ஆர்னால்டு வில்கின்ஸ் கணக்குப் போட்டார். தாக்க முடியாது, ஆனா விமானத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று விடை வந்தது.

பிப்ரவரி 26 அன்று டேவென்ட்ரியில் சோதனை. பிபிசி சிற்றலை டிரான்ஸ்மிட்டரின் அலை, ஹேஃபோர்டு விமானத்தில் பட்டுத் திரும்பியது. சுமார் 13 கி.மீ. வரை விமானம் பிடிபட்டது.

பிறகு சொந்த டிரான்ஸ்மிட்டர்களோடு கடற்கரையில் ரேடார் நிலையங்கள் எழுந்தன. 1940-ல் ஜெர்மன் விமானங்கள் வருவதை அவை முன்கூட்டியே சொல்லின. 1942-ல் வாட்சன்-வாட்டுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. வில்கின்ஸ் பெயர் நம்மில் பலருக்கும் தெரியாது. 1973-ல் வாட்சன்-வாட் மறைந்தார்.

இன்று இது ஏன் முக்கியம்? அலை அனுப்பும் ரேடாரை எதிரி கண்டுபிடித்துவிடலாம். வெறுமனே கேட்கும் ரிசீவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பெங்களூரு அருகே பியாலாலுவில் மையம் கொண்ட நம்ம நாவிக் சிக்னலும் இப்படிப் பயன்படலாம். ஆனால் அது சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து வருவதால் மிகவும் பலவீனமானது. சவாலே அங்கதான்.