கப்பித்தான் காதிர் முகைதீன் மரைக்காயர்: பள்ளியின் பெயருக்குள் மறைந்த பெரியவர்

பினாங்கில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை அறியாத பிள்ளை இருக்க முடியாது. ஜும்ஆவுக்கும் பெருநாள் தொழுகைக்கும் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் வந்திருக்கும். ஆனால் அந்தக் கப்பித்தான் யார், அவருடைய பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் பெரியவர்களே தயங்குகிறோம். கைப்பேசியில் தேடும் பிள்ளைகளுக்கும் பள்ளியின் படங்கள்தான் நிறையக் கிடைக்கின்றன. மனிதர் ஒரு வரியில் முடிந்துவிடுகிறார். நமது சங்கம் பொன்விழா காணும் இவ்வேளையில் அவருடைய வாழ்வை நம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

மர்ஹூம் காதிர் முகைதீன் மரைக்காயர் அவர்களின் ஊர் சோழமண்டலக் கரையில் உள்ள பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்று நம்மவர்கள் அழைக்கும் அதே ஊர்தான். கப்பல் வாணிபத்தில் பெயர் பெற்ற மரைக்காயர் குலத்தில் அவர் பிறந்தார். இன்று மலேசியாவில் பலருடைய பெயரோடு சேர்ந்து வரும் மெரிக்கன் என்ற சொல் மரைக்காயர் என்பதன் திரிபுதான்.

1786 ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் கொண்டுவந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே நம்மவர்கள் எதிர்க்கரையிலுள்ள கெடாவில் கடை வைத்து, சுல்தான்களோடு வாணிபம் செய்து, அங்கேயே பெண் எடுத்து வாழ்ந்துவந்தார்கள். ஆங்கிலேயர் அவர்களைச் சூலியர் என்று எழுதினார்கள். புதிய துறைமுகம் திறந்ததும் கெடாவிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் சூலியர் இங்கே வரத் தொடங்கினர். முதல் ஆண்டுகளிலேயே வந்து சேர்ந்தவர்களில் காதிர் முகைதீன் ஒருவர்.

1794இல் லைட் எழுதிய குறிப்பின்படி சுமார் 1,000 சூலியர் இத்தீவில் குடியிருந்தனர். அதற்கு மேல் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, உழைத்து, சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினர். அவர்கள் போக, வேறு சிலர் வந்தனர். நம் சமூகத்தின் அன்றைய நிலை இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. வந்தவரில் பெரும்பாலோர் தங்குவதற்காக வரவில்லை. நோயில் விழுந்தால் பார்க்க உறவு இல்லை. மௌத்தாகிவிட்டால் குளிப்பாட்டி, கஃபன் இட்டு அடக்கம் செய்யவும் ஊரார்தான் முன்வர வேண்டும். வழக்கு என்று வந்தால் அதிகாரியின் மொழி தெரியாது.

அக்காலத்தில் கம்பெனி அரசு ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை வைத்தே காரியம் நடத்தியது. அந்தத் தலைவருக்குக் கப்பித்தான் என்று பெயர். சீனருக்கு கோ லே ஹுவான் கப்பித்தானாக இருந்தார். 1807இல் வந்த அரச சாசனத்தால் முறையான நீதிமன்றம் அமையும்வரை சில்லறை வழக்குகளைத் தீர்ப்பதும், தம் மக்களுக்காக அரசிடம் பேசுவதும் கப்பித்தான்களின் பொறுப்பாக இருந்தது. 1801இல் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத், காதிர் முகைதீன் அவர்களைத் தென்னிந்திய மக்களின் கப்பித்தானாக நியமித்தார். மலாய்க்காரர் நம் கரை மக்களைக் கிளிங் என்று அழைத்ததால் அவர் கப்பித்தான் கிளிங் ஆனார். பிற்காலத்தில் ஏச்சாக மாறிய அந்தச் சொல் அன்று வெறும் அடையாளப் பெயராகவே இருந்தது.

பதவி கிடைத்தது. அதைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அதே 1801இல் பள்ளிவாசலுக்காகக் கம்பெனி அரசிடமிருந்து நகரின் நடுவே பெரிய நிலம் கிடைத்தது. இந்தியாவிலிருந்து கட்டுமானப் பொருள்களையும் கொத்தர்களையும் வரவழைத்து அவர் பள்ளியை எழுப்பினார். முதலில் இருந்தது இன்று நாம் காணும் மாளிகை அன்று. தாழ்ந்த கூரையுடைய ஒரே தளச் செங்கல் கட்டடம்தான் இருந்தது. பள்ளி நிலத்தில் மையவாடியும் அமைந்தது. வருவோரும் போவோருமாக இருந்த ஒரு கூட்டத்துக்குத் தொழவும், கூடவும், கண்மூடினால் அடங்கவும் சொந்தமாக ஓர் இடம் கிடைத்தது. அன்றுமுதல் நாம் இங்கே ஜமாஅத் ஆனோம்.

ஏறத்தாழ அதே காலத்தில் அதே வீதியில் சீனரின் குவான் யின் கோயிலும், 1818இல் புனித ஜார்ஜ் தேவாலயமும், 1833இல் அருகிலுள்ள குவீன் வீதியில் மாரியம்மன் கோயிலும் எழுந்தன. பல சமயத்தவரும் அடுத்தடுத்து வணங்கி வாழும் நம் ஊரின் வழக்கம் அந்தத் தலைமுறை வைத்துச் சென்றது.

கப்பித்தான் அவர்கள் 1834இல் காலமானார். மரணத்துக்கு முன் எழுதிய உயிலில் தம் சொத்தில் ஒரு பகுதியை வக்ஃபாக விட்டுச் சென்றார். கம்போங் கோலம் வீதியில் அவருடைய கபுறு இருக்கிறது. அவருடைய வழித்தோன்றல்கள் மெரிக்கன் என்ற பெயரோடு மலாய் மண்ணில் கலந்து வாழ்கிறார்கள்.

அவருக்குப் பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காலப்போக்கில் பள்ளி நிலத்தில் நெருக்கமாக வீடுகள் முளைத்தன. நிர்வாகம் சீர்குலைந்தது. வக்ஃபு வருமானம் பற்றிச் சச்சரவுகள் எழுந்தன. முடிவில், 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த முஸ்லிம், இந்து அறக்கட்டளை வாரியத்தின் கைக்குப் பள்ளியும் சொத்துகளும் போயின. வாரியம் நெரிசலை அகற்றி நிலத்தைச் சீர்படுத்தியது. கட்டடக் கலைஞர் நியூப்ரானரின் வரைபடப்படி குவிமாடங்களும் மினாராவும் கொண்ட இன்றைய தோற்றம் 1910களில் உருவானது. நம்மவர் ஒருவர் அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்ற சொத்தை நம் கையாலேயே ஒழுங்காகக் காக்க முடியாமல் போனது நமக்கு ஒரு பாடம். கணக்கைத் திறந்து வைக்கும் சங்கம் நிலைக்கும். பொறுப்பில் இருப்போரும், பொறுப்புக்கு வரப்போகும் இளைஞர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பிட் வீதி என்று இருந்த பெயர் இன்று மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை என்று மாறியிருக்கிறது. 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமானபின் தூரதேசத்தாரும் வந்து பள்ளியைப் படம் எடுத்துப் போகிறார்கள். பதவிப் பெயர் உலகம் அறிந்ததாகிவிட்டது. சொந்தப் பெயரோ காடர் மொஹுதீன், காதர் மைதீன் என்று பழைய ஆங்கில ஏடுகளில் ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டுச் சிதறிக் கிடக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஜும்ஆவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, தொழுகை முடிந்ததும் சற்று நடந்து கம்போங் கோலத்துக்கும் கூட்டிச் செல்லுங்கள். ஸலாம் சொல்லி, ஒரு ஃபாத்திஹா ஓதி, இவர்தான் காதிர் முகைதீன் மரைக்காயர், பரங்கிப்பேட்டைக்காரர், நாம் தொழுத பள்ளியைக் கட்டியவர் என்று சொல்லிக் கொடுங்கள். நம் வீடுகளில் பழைய கடிதமோ, பத்திரமோ, குடும்ப வரலாறோ இருந்தால் அதையும் எழுதி வையுங்கள்.

அல்லாஹ் அன்னாரின் கபுறை ஒளிமயமாக்கி, அவர் விட்டுச் சென்ற அறத்தின் நன்மையை நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.