நோயோடும் எண்களோடும் வாழ்ந்த இராமானுஜன்

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயரைத் தமிழ்ப்பள்ளியில் பயின்ற நம்மில் பெரும்பாலோர் அறிவோம். 1729 என்ற எண்ணின் கதையும் நமக்குத் தெரியும். ஆனால், அது ஒரு நோயாளியின் படுக்கையருகே நடந்த கதை என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. நீண்டநாள் நோயோடு வாழ்வோருக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கும் அவரது 32 ஆண்டு வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, தஞ்சை மாவட்டத்துக் கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாததால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சீதபேதி அவரைப் படுக்கையில் தள்ளியது; ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. இந்தியாவை விட்டுப் புறப்படும் முன் மீண்டும் ஒருமுறை அந்நோய் கண்டது. இரண்டு முறையும் தேறி எழுந்தார்.

அதே காலக்கட்டத்தில்தான் தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தனர். கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தோட்டங்களில் காட்டை அழித்து ரப்பர் நட்டவர்கள் அவர்கள். மலேரியாவும் சீதபேதியும் அன்றைய மலாயாத் தோட்டப்புறங்களில் எத்தனையோ உயிர்களைக் குடித்தன. லயத்துத் தொழிலாளியையும் கணித மேதையையும் அந்த நோய் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். அக்கடிதம் அவரை 1914-இல் இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே போர்க்காலத் தட்டுப்பாடு, பழக்கமில்லாத குளிர். மரக்கறி உணவை விடாத அவர், தாமே சமைத்து, நேரம் தவறி உண்டு, இரவு பகலாக உழைத்தார்.

1917-இல் உடல் சாய்ந்தது. விட்டு விட்டுக் காய்ச்சல், வயிற்று வலி, எடைக் குறைவு. மருத்துவர்கள் முதலில் இரைப்பைப் புண்ணோ என்று ஐயுற்றனர். பிறகு காசநோய் என்று கருதினர். ஒரு நோயில்லத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டார். உணவும் தனிமையும் அவரை வாட்டின. ஒரு கட்டத்தில் வாழ்க்கையையே வெறுக்கும் அளவுக்கு மனம் உடைந்தார்.

ஆயினும் அவரது கணிதம் நிற்கவில்லை. 1918-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்வுபெற்ற முதல் இந்தியருமானார். பட்னி நோயில்லத்தில் தம்மைக் காண வந்த ஹார்டியிடம்தான் 1729-இன் சிறப்பைச் சொன்னார்: இரு கன எண்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது.

1919-இல் தாயகம் திரும்பினார். எலும்பும் தோலுமாய்ப் படுத்திருந்த நிலையிலும் மனைவி ஜானகி உடனிருந்து பணிவிடை செய்ய, தாள் தாளாகக் கணக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் மறைந்தார். அந்த இறுதி ஆண்டின் 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள் அடங்கிய தாள்களை 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார்.

1994-இல் டாக்டர் யங் என்பவர் பழைய பதிவுகளை ஆராய்ந்து, அது காசநோயாக இருந்திராது, அமீபாக் கிருமியால் வந்த கல்லீரல் நோயாகவே இருந்திருக்கும் என்ற முடிவுக்கு வந்தார். முழுமையாகக் குணமாகாத அமீபா சீதபேதி பல ஆண்டுகள் குடலில் பதுங்கியிருக்கும். பிறகு இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து, அங்கே சீழ்க்கட்டியை உண்டாக்கும். இதற்கு எமெட்டின் ஊசியைக் கல்கத்தாவில் லெனர்ட் ரோஜர்ஸ் 1912-லேயே பயன்படுத்தினார். இன்று உறுதிசெய்ய வழியில்லை என்றாலும், யங் சொன்னது சரியானால், அன்றே மருந்து இருந்த நோய்க்கு நாம் இராமானுஜனைப் பறிகொடுத்தோம்.

இது பழங்கதையன்று. குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி போன்ற நீண்டநாள் குடல் நோய்கள் மூட்டு, கண், தோல், கல்லீரல் ஆகியவற்றையும் பாதிக்கக்கூடும். மூட்டு வலிக்கு ஒரு கிளினிக், கண் சிவப்புக்கு இன்னொரு கிளினிக் என்று போகிறோம். குடல் நோயைச் சொல்ல வெட்கப்படுகிறோம். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் இந்த வெட்கம் இன்னும் அதிகம். வயிற்றுக் கோளாறு வெளியே சொல்லக்கூடிய நோயன்று என்றே பலர் வளர்க்கப்பட்டிருக்கிறோம்.

புதிய நோய் வரும்போது பழைய நோயின் கதையையும் மருத்துவரிடம் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்த ஆண்டில் வந்தது, என்ன மருந்து உண்டோம் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். படிக்கத் தெரியாத பாட்டி தாத்தாவுக்கு, பல்கலைக்கழகம் வரை வந்த நாம் அதை எழுதிக் கொடுக்கலாம். மருத்துவமனைக்கு உடன் சென்று மலாயிலோ ஆங்கிலத்திலோ எடுத்துச் சொல்லலாம். விடுமுறைக்கு வீடு திரும்பும்போது நாம் செய்யக்கூடிய சிறிய பணி இது.