மதுரை வைத்தியநாத ஐயர்

ஓர் ஆலயத்தின் நித்திய பூஜைக்குப் பங்கம் நேர்வது உள்ளே வருகிறவர்களாலா, கதவை அடைக்கிறவர்களாலா? இக்கேள்விக்குச் செய்கையால் விடையளித்தவர் மதுரை வக்கீல் அ. வைத்தியநாத ஐயர்.

மதுரை மீனாக்ஷியம்மன் கோயிலில் விடியற்காலைத் திருவனந்தல் முதல் அர்த்தஜாமம் வரை காலந்தோறும் பூஜை நடைபெறுகிறது. அம்மனுக்கு முதற்பூஜை என்பது மதுரையின் சம்பிரதாயம். இரவில் சுந்தரேசுவரரின் பாதுகை பல்லக்கில் அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்கு எழுந்தருளும். பதினான்காம் நூற்றாண்டில் படையெடுப்பினால் இவ்வழிபாடு குலைந்தது. விஜயநகரத்துக் குமார கம்பணர் மதுரையை வென்றபின் மீண்டும் தழைத்தது. நாயக்கர் காலத்தில் திருப்பணிகள் பெருகின. ஆயினும் தாழ்த்தப்பட்ட வகுப்பாரும் நாடார்களும் வெளியே நின்றே கைகூப்ப வேண்டியிருந்தது. 1934-ல் மதுரைக்கு வந்த காந்தியடிகள், எல்லோருக்கும் திறவாத இக்கோயிலுக்குள் தாமும் செல்லவில்லை.

தஞ்சை ஜில்லா விஷ்ணம்பேட்டையில் 1890-ல் பிறந்த ஐயர், மதுரையில் கற்று, அங்கேயே வக்கீல் தொழிலில் பெயர் பெற்றார். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு அடியும் சிறையும் அனுபவித்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர் பலர் அவர் இல்லத்தில் உண்டு வளர்ந்தனர். வைதிகக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் இவ்வாறு நடப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டுமென்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

ஊரெங்கும் பிரசாரம் செய்து ஜனங்களின் மனத்தைப் பண்படுத்திய பின்னரே அவர் காரியத்தில் இறங்கினார். 1939 ஜூலை 8 காலை, கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட வகுப்பார் ஐவரையும் நாடார் ஒருவரையும் உடனழைத்து ஆலயத்துள் புகுந்தார். நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். அம்மன் தரிசனம் அமைதியாக முடிந்தது.

அதன் பின்னரே கலகம் மூண்டது. பட்டர்களில் சிலர் பூஜை செய்ய மறுத்துச் சந்நிதியை அடைத்தனர். அதிகாரி கதவைத் திறப்பித்து, மறுத்தவர்களை வேலையினின்று நீக்கிவைத்துப் பூஜையைத் தொடரச் செய்தார். எதிர்த்தோர் தமிழ்ச் சங்கச் சாலையில் வேறொரு மீனாக்ஷி சந்நிதியை அமைத்துக்கொண்டனர். ராஜாஜி மந்திரிசபை அவசரச் சட்டத்தாலும், அவ்வாண்டிலேயே இயற்றிய ஆலயப் பிரவேசச் சட்டத்தாலும் பிரவேசத்தை உறுதி செய்தது. அன்று பூஜைக்குத் தடை செய்தவர்கள் உள்ளே வந்த ஏழை பக்தர்களல்லர் என்பதை நடுநிலையாளர் மறுக்கவியலாது. 1946-ல் காந்தியடிகள் அம்மனைத் தரிசித்தார்.

ஐயர் 1955 பிப்ரவரி 23-ல் காலமானார். அவருடன் அன்று உள்ளே சென்ற கக்கன் பின்னாளில் சென்னை ராஜ்யத்தின் உள்துறை மந்திரியானார்.

எனினும் வேலை முடிந்ததா? ஜவ்வாது மலையின் ஒரு பகுதியைத் தன்னகத்தே கொண்ட திருவண்ணாமலை ஜில்லாவில், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் 2023 ஜனவரியில்தான், அதுவும் போலீஸ் காவலுடன், செல்ல முடிந்தது. சட்டம் கதவைத் திறக்கும். மனத்தைத் திறக்க மனிதர்கள் வேண்டும். ஐயரின் பெயரைப் போற்றுவோர், முதலில் தத்தம் ஊர் அம்மன் கோயில் வாசலைச் சென்று பார்ப்பார்களாக.