இல்லத்தில் பிறந்த ஆய்வு நிறுவனம்

அல்லாடி இராமகிருஷ்ணன் 1923இல் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், 1957-58இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் தங்கியபோது, அறிஞர்கள் கூடி விவாதிக்கும் கருத்தரங்குகளைக் கண்டார். நாடு திரும்பியதும், அரசின் ஆணைக்கோ கட்டடத்துக்கோ காத்திராமல், மயிலாப்பூரிலிருந்த தம் இல்லத்திலேயே மாணவர்களுக்காகக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைத் தொடங்கினார்.

1960இல் அங்கு வருகை தந்த நோபல் அறிஞர் நீல்ஸ் போர், அம்மாணவர்களின் ஆர்வத்தை வியந்து பாராட்டினார். அப்பாராட்டு பிரதமர் நேருவின் கவனத்தை ஈர்த்தது. கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணைநின்றார். 1962 சனவரி 3 அன்று சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பெற்றது.

1983 வரை அதன் இயக்குநராக விளங்கிய இராமகிருஷ்ணன், எலக்ட்ரானின் இயக்கத்தை விளக்கும் டிராக் அணிகளைப் பொதுமைப்படுத்தி, கிளிஃபோர்டு இயற்கணிதத்திலும் ஆய்வு செய்தார். 2008இல் அவர் மறைந்தார். இல்லத்தில் சிலர் கூடித் தொடங்கிய அறிவுத்தேடல், தரமணியில் இன்றும் தொடர்கிறது.