நீர்வலி கண்ட விமலசுரேந்திரர்

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட களுவாஞ்சிக்குடியில் வாழும் நாம் தேங்கும் நீரை நன்கறிவோம். வீழும் நீரை அறியோம். ஆதலின், மலைநாட்டு அருவியிலே இலங்கையின் விளக்கைக் கண்ட பொறியியலாளர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திரரின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

அவர் 1874ஆம் ஆண்டிற் காலியிற் பிறந்தார். பகிரங்க வேலைப் பகுதியிற் பணியாற்றிய இளமைக் காலத்தில், களனி கங்கையின் கிளைகளாகிய கெகல்கமு ஓயா, மஸ்கெலி ஓயாப் பக்கங்களிற் பொன் உண்டோ என ஆராய அனுப்பப்பட்டார். பொன் தேடச் சென்றவர் நீரின் வலியைக் கண்டு மீண்டார். 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே, பிளாக்பூலில், சிறு நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்தார். 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் கட்டுரை படித்து, அவ்விரு ஆறுகளின் வீழ்ச்சியால் நாட்டுக்கு வேண்டிய மின்வலுவை ஆக்கலாமெனக் கணக்கிட்டுக் காட்டினார்.

நாம் தமிழாசிரியரேயாயினும், விஞ்ஞான ஆசிரிய நண்பரிடம் கேட்டுத் தெளிந்தவாறு அவ்வாக்கத்தின் உட்பொருளைக் கூறுவோம். 400 மீற்றர் உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கும் நீர், உராய்வைக் கருதாவிடின், குழாயின் ஒடுங்கிய வாயிலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 88 மீற்றர் வேகத்தில் தாரையாய்ப் பாயும். அத்தாரை மோதச் சுழல்வதே கணத்தாக்குச் சுழலி. அமெரிக்கரான லெஸ்டர் பெல்ற்றன் 1880இற் காப்புரிமை பெற்ற சக்கரம் இவ்வகையது. அதன் விளிம்பைச் சுற்றி, நடுவே வரம்புடைய இரட்டைக் கிண்ணங்கள் உள. வரம்பிலே பிளவுண்ட நீர் இருபுறமும் வளைந்து, வந்த திசைக்கே திரும்பும். கிண்ணம் அசையாது நின்றால் தாக்கம் பெரிது, வேலையோ இல்லை. தாரையின் வேகத்திலேயே கிண்ணமும் ஓடினால் நீர் அதனை எட்டித் தாக்காது. பாதி வேகத்தில், அஃதாவது 44 மீற்றரில், ஓடும்போதே பயன் மிகுதி. கிண்ணத்தை நோக்க, நீர் 44 மீற்றர் வேகத்தில் நுழைந்து அவ்வேகத்தோடே பின்னோக்கிப் பாயும். கிண்ணமோ 44 மீற்றர் வேகத்தில் முன்னோடுகின்றது. இரண்டும் கழிய, நீர் தன் வேகத்தைச் சக்கரத்துக்கு ஈந்துவிட்டு வெறிதே கீழே விழும்.

இக்கணக்கு விளங்கியும் நாடு விரைந்திலது. 1924இற் தொடங்கிய வேலை நிறுத்தப்பட்டது. 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகிய அவர் ஆங்கும் நீர்மின்னுக்காக வாதாடினார். பின்னர்த் தொடர்ந்த வேலையை உலகப் போர் தடுத்தது. 32 ஆண்டுகள்! மறுத்தவர் எரித்த நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் கொடுத்த பொருளை யார் கணக்கிட்டார்?

1950இல் லக்சபான நிலையத்தின் பெல்ற்றன் சக்கரங்கள் சுழன்றன. அப்போது அவர் எழுபத்தைந்தைக் கடந்த முதியவர். மூன்றாண்டு கழித்து, 1953இற் காலமானார். 1965இல் நோட்டன்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது.