கல் புரட்டும் கைகளுக்குச் சிலை செய்தவர்

பையன் படம் வரைகிறான் என்று சொன்னால், நம் வீடுகளில் என்ன நடக்கிறது? படம் வரைந்தால் பானை நிறையுமா என்று கேட்கிறோம். பென்சிலைப் பிடுங்கி வைக்கிறோம். ஓவியமும் சிற்பமும் மாளிகைவாசிகளின் பொழுதுபோக்கு, உழைக்கிறவன் பிள்ளைக்கு அது எட்டாக்கனி என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

திருத்தணி வட்டாரத்துத் தோழர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறி ஓடும் ஓசை கேட்காத தெரு உண்டா? அந்தத் தறியிலே இறங்குகிற ஒவ்வொரு கரையும், ஒவ்வொரு பூவும், யாரோ ஒருவர் கட்டம் போட்டு வரைந்த பிறகுதானே துணியாகிறது! வரைகிறவன் இல்லையேல் நெய்கிறவனுக்கு வேலை ஏது? ஆனாலும் வரைவது தொழில் அல்ல என்று நினைக்கிறோம். அந்த நினைப்பை உடைக்கவே ஒரு மனிதரின் வாழ்வை இன்று சொல்ல வந்தோம்.

அவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மெரினாக் கடற்கரையிலே உழைப்பாளர் சிலையை வடித்தவர்.

1899ஆம் ஆண்டு, இன்று வங்க தேசத்திலே இருக்கும் ரங்கப்பூர்ப் பகுதியில், ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். அபநீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றார். ஹிரண்மய் ராய் சவுத்ரியிடம் சிற்பம் கற்றார். மல்யுத்தம் பழகியவர், வேட்டையாடியவர், புல்லாங்குழல் ஊதியவர், வங்க மொழியிலே கதை எழுதியவர். அப்படிப்பட்டவர் 1920களின் இறுதியில் சென்னைக்கு வந்தார். வந்த இடம் எழும்பூரை ஒட்டிய ஓவியப் பள்ளி.

அந்தப் பள்ளியின் கதையும் அறியத் தக்கது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது அது. கைத்தொழிலைச் சீர்செய்வதே அதன் முதல் நோக்கம். ஏழையின் அடுப்படியிலே இருக்கிறதே அலுமினியப் பாத்திரம், அதைச் செய்து பார்க்கும் முயற்சியை 1898இல் சாட்டர்ட்டன் என்ற ஆங்கிலேயர் தொடங்கியதும் அந்தப் பள்ளியிலேதான்! கலை வேறு, கஞ்சிப் பானை வேறு என்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

வெள்ளையர்களே தலைமை வகித்து வந்த அந்தப் பள்ளிக்குத் தலைவரான முதல் இந்தியர் ராய் சவுத்ரி. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். ஆங்கில அரசு 1937இல் அவருக்குப் பட்டம் கொடுத்தது உண்மை. ஆனால் பட்டம் கொடுத்தவர்களின் பக்கமே அவர் கண் நின்றுவிடவில்லை. திருவிதாங்கூரில் 1936இல் எல்லாச் சாதியினருக்கும் கோயில் கதவு திறந்ததே, அதைப் புடைப்புச் சிற்பமாக்கினார். 1943இல் வங்கம் பட்டினியால் செத்ததே, அந்த எலும்பும் தோலுமான மக்களைப் பின்னர் வெண்கலத்தில் நிறுத்தினார். பாட்னாவில் 1942இல் கொடியேற்றச் சென்று குண்டடிபட்டு மாண்ட ஏழு மாணவர்களுக்கு அவர் செய்த நினைவுச் சின்னம் 1956இல் திறக்கப்பட்டது.

பிறகுதான் நம் சிலை. 1959 ஜனவரி 25ஆம் நாள், குடியரசு நாளுக்கு முன்தினம், கடற்கரையிலே அது நிறுவப்பட்டது. நான்கு உழைப்பாளர்கள், ஒரு பாறை, அதைப் புரட்டும் ஒரே மூச்சு. அரசனில்லை, குதிரையில்லை, கையிலே வாளில்லை. மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரியின் இரவுக் காவலாளி. மற்றொருவர் மாணவர். தளபதிகளும் ஆளுநர்களும் பீடம் ஏறிய நாட்டிலே, ஒரு காவலாளியின் முதுகும் தோளும் பீடம் ஏறின! சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியதும் இதே கடற்கரையில்தான். இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது நம் நெஞ்சு நிமிராதா?

சிலை செய்வது சுகமான வேலை என்று எண்ணிவிடாதீர்கள். இரும்புக் கம்பியால் முதலில் எலும்புக்கூடு கட்ட வேண்டும். அதன்மேல் களிமண்ணை அப்பி உருவம் எடுக்க வேண்டும். அதற்குப் பிளாஸ்டரில் அச்சு எடுத்து, கடைசியில் வெண்கலத்தை உருக்கி வார்க்க வேண்டும். கொல்லன் வேலை, குயவன் வேலை, கொத்தன் வேலை மூன்றும் அதிலே உண்டு. சிற்பியும் தொழிலாளிதான் தோழர்களே!

அவரிடம் பயின்றவர் கே.சி.எஸ். பணிக்கர். அவருக்குப் பின் கல்லூரித் தலைவரானவரும், 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தவரும் அவரே. கலைஞன் பிறர் கையை எதிர்பாராமல், கைவினைப் பொருள் செய்து விற்று, தன் காலில் நிற்கலாம் என்று காட்டிய கிராமம் அது. மற்றொரு மாணவர் தனபால், பெரியாரின் தலையைச் சிலையாய் வடித்தவர். நாட்டின் லலித் கலா அகாதமி 1954இல் அமைந்தபோது அதன் முதல் தலைவராக இருந்த ராய் சவுத்ரி, 1975இல் மறைந்தார்.

உழைப்பாளர் சிலை எழுந்த அந்த 1959இல் திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. எல்லைப் போராட்டம் நடத்தி, சிறை சென்று, 1960 ஏப்ரல் முதல் நாள் அதைத் தமிழகத்தோடு சேர்த்தோம். மண்ணை மீட்டால் மட்டும் போதுமா? அந்த மண்ணின் பிள்ளைகளுக்குத் தலைநகரின் கல்லூரி வாசலும் உரிமைதானே!

திருத்தணியில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து நடந்துபோகும் தொலைவிலே அந்த ஓவியக் கல்லூரி. ஓவியம், சிற்பம், சுடுமண், துணி வடிவமைப்பு, அச்சுக்கலை, விளம்பர வடிவமைப்பு என்று அங்கே பிரிவுகள் உண்டு. அரசுக் கல்லூரி அது, நம் வரிப்பணத்தில் நடப்பது. துணிக்கும் பெட்டிக்கும் புத்தகத்துக்கும் திரைப்படத்துக்கும் கணினித் திரைக்கும் வரைகிறவன் தேவைப்படுகிற காலம் இது. அந்த வேலையெல்லாம் வசதி படைத்தவன் பிள்ளைக்கே போய்ச் சேர வேண்டும் என்று யார் எழுதி வைத்தது?

தறிக்காரர் மகளுக்கு நூலின் நிறம் தெரியும். கல் உடைப்பவர் மகனுக்குக் கல்லின் குணம் தெரியும். ஓவியக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அதைவிட நல்ல சீதனம் எது?

பென்சிலைப் பிடுங்காதீர்கள் தோழர்களே. சீவிக் கொடுங்கள்!